காகிதம் எங்கே தேங்குகிறது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

மேசையில் காகிதம் குவிந்துவிட்டால் பலரும் முதலில் செய்வது, புதிதாக நாலு பைலும் ஒரு பெட்டியும் வாங்குவது. சில நாள் மேசை பளிச்சென்று இருக்கும். அப்புறம் பழைய குவியல் பெட்டிக்குள், புதிய குவியல் மேசையில் என்று இரண்டாகிவிடும். கோளாறு எங்கே என்று பார்க்காமல் பெட்டி வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

ஒரு தாள் உள்ளே வருகிறது. அதை என்ன செய்வது என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். பிறகு அது ஓர் இடத்துக்குப் போக வேண்டும், கேட்கும்போது கிடைக்க வேண்டும், காலம் முடிந்ததும் வெளியேற வேண்டும். இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில் அடைப்பு இருந்தால்தான் காகிதம் குவியும். எதில் என்பதைக் குவியலே சொல்லிவிடும்.

இதற்கு ஒரு சின்ன சோதனை. குவியலைக் கலைக்காமல் மேலிருந்து இருபது தாளை எடுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று உங்களையே கேளுங்கள். "இன்னும் பிரிக்கவே இல்லை" என்றால் கோளாறு நுழைவில். "அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தேன்" என்றால் முடிவெடுப்பதில். "எங்கே வைப்பது என்று தெரியவில்லை" அல்லது "எடுத்தேன், திருப்பி வைக்கவில்லை" என்றால் இடத்தில். "தூக்கிப்போட பயமாக இருக்கிறது" என்றால் வெளியேற்றத்தில். எந்தப் பதில் அதிகம் வருகிறதோ, அதற்குரிய தலைப்பிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய வேண்டியதில்லை.

சுத்தம் செய்த ஒரே வாரத்தில் மறுபடி குவிகிறது

காகிதம் பல வாசல் வழியாக வந்து பல இடங்களில் இறங்குகிறது என்று அர்த்தம். சாப்பாட்டு மேசையில் கொஞ்சம், கைப்பையில் கொஞ்சம், பிரின்டர் மேல் கொஞ்சம். முதலில் இறங்குமிடத்தை ஒன்றாக்குங்கள். வீட்டுக்கு ஒரு தட்டு, அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு தட்டு. அது ஆழமில்லாததாக இருக்கட்டும். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரணத் தாள் 500 அடுக்கினால் உயரம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். அப்படியானால் ஒரு ஜாண் ஆழமுள்ள கூடைக்குள் இரண்டாயிரம் தாளாவது சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். தட்டு சீக்கிரம் நிரம்பினால்தான் கண்ணில் உறுத்தும்.

அடுத்தது, உறைகளை எங்கே நின்று பிரிக்கிறீர்கள் என்பது. குப்பைக்கூடை பக்கத்தில் நின்று பிரியுங்கள். வங்கியிலிருந்தோ காப்பீட்டு நிறுவனத்திலிருந்தோ வந்த ஒரு தடித்த உறையைப் பிரித்துப் பாருங்கள்: வெளி உறை, பதில் அனுப்ப ஒரு காலி உறை, வண்ண விளம்பரம் ஒன்று, பொடி எழுத்தில் விதிமுறைகள் இரண்டு பக்கம், நடுவில் உங்கள் பெயரும் தொகையும் உள்ள ஒரே ஒரு தாள். அந்த ஒன்றுதான் தட்டுக்குப் போக வேண்டும். விதிமுறைகள் மாறியிருப்பதாக எழுதியிருந்தால் மட்டும் அதையும் சேர்த்து வையுங்கள். மற்றவை வீட்டின் நடுக்கூடத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

மாதாமாதம் வரும் கணக்கு அறிக்கைகளை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பச் சொல்வதும், வேண்டாத பத்திரிகை, விளம்பரத் தபாலை நிறுத்தச் சொல்வதும் ஒருமுறை செய்தால் தீர்ந்தது. அலுவலகத்தில் இதற்கு இணையான வேலை, கூட்டத்துக்கு வரும் எல்லோருக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துவது.

எல்லாமே "செய்ய வேண்டியது" என்பதால் மேசையில் இருந்து நகர்த்த முடியவில்லை

இங்கே தாளை நினைவூட்டியாக வைத்திருக்கிறீர்கள். உள்ளே வைத்தால் மறந்துவிடுவோம் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஐந்து தாள் வரைதான் அந்த உத்தி பலிக்கும். நாற்பது தாள் ஆனதும் மேலே இருப்பது மட்டும் நினைவூட்டும், கீழே உள்ளவை அமைதியாகக் கெடு தாண்டும்.

தாளையும் தேதியையும் பிரித்துவிடுங்கள். தேதி நாட்காட்டிக்கோ கைபேசிக்கோ போகட்டும். அங்கே வேலையின் பெயரோடு, தாள் எந்த பைலில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். தாள் "நடப்பு" என்ற ஒரே பைலுக்குள் போகட்டும். கெடு தேதியைக் குறிக்காதீர்கள். வேலையைத் தொடங்க வேண்டிய தேதியைக் குறியுங்கள். கெடுவன்று கைபேசி கூவினால், படிவத்தில் ஒட்டப் புகைப்படம் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

தாளின் வலது மேல் மூலையில் பென்சிலால் அடுத்த வேலையை ஒரு வரியில் எழுதுங்கள். "பார்க்க வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை; மறுபடி எடுக்கும்போது முதலிலிருந்து படிக்க வைக்கும். "பக்கம் 2இல் கையெழுத்து, பிறகு அனுப்பு" என்று எழுதினால் எடுத்த கையோடு வேலை முடியும். என்ன எழுதுவது என்றே தெரியவில்லையா? அப்படியானால் வேறு யாரிடமோ ஏதோ கேட்க வேண்டியிருக்கிறது. யாரிடம் என்ன கேட்பது என்பதை எழுதுங்கள்.

கெடு உள்ள தாள்கள் தினமும் வந்து குவியும் அலுவலகங்களுக்குப் பழைய முறை ஒன்று உண்டு: நாளுக்கு ஒன்றாக 31 உறை, மாதத்துக்கு ஒன்றாக 12, ஆக 43. தாளை எடுக்க வேண்டிய நாளுக்குரிய உறையில் போட்டுவிட்டு, தினமும் காலையில் அன்றைய உறையைத் திறப்பது. திறக்க ஆள் நிச்சயம் இருந்தால் அருமையான முறை. வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம் என்பது என் கருத்து.

இருக்கிறது என்று தெரியும், ஆனால் கைக்குக் கிடைக்கவில்லை

பலரும் ஞாபக மறதி என்று நினைப்பது பெரும்பாலும் பெயர் வைத்ததில் உள்ள கோளாறுதான். ஒரு வாகனக் காப்பீட்டுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை "வாகனம்" பைலில் வைக்கலாம், "காப்பீடு" பைலில் வைக்கலாம், "இந்த ஆண்டு கட்டியவை" பைலிலும் வைக்கலாம். மூன்றும் சரிதான். மூன்றும் சரியாக இருப்பதுதான் சிக்கல். வைத்த அன்று ஒரு மனநிலை, தேடும் அன்று வேறொரு மனநிலை.

இதற்கு நான் நம்பும் விதி ஒன்றே ஒன்று: தாள் எந்த ஆளைப் பற்றியது, எந்தப் பொருளைப் பற்றியது என்பதுதான் பைலின் பெயர். தாளின் வகை பெயராகக் கூடாது. வாகனம் விபத்தில் சிக்கினால் பதிவுச் சான்று, காப்பீடு, கடைசியாகப் பழுதுபார்த்த ரசீது எல்லாம் ஒரே நேரத்தில் தேவைப்படும். மூன்றும் "வாகனம்" என்ற ஒரே பைலில் இருந்தால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். அதேபோல் மருத்துவத் தாள்களை மருத்துவமனை வாரியாகவோ சோதனை வாரியாகவோ பிரிக்காமல் ஆள் வாரியாக வையுங்கள், புதியது மேலே இருக்கும்படி. அவசரத்தில் மருத்துவர் கேட்பது கடைசி மருந்துச்சீட்டும் கடைசி அறிக்கையும்தான். அலுவலகத்தில் வாடிக்கையாளர், திட்டம், ஊழியர் என்ற மூன்றில் ஒன்று பெரும்பாலும் பைலின் பெயராகப் பொருந்தும்.

பெயர் வைக்கும்போது மனதில் கேட்க வேண்டியது, "இதை எங்கே வைப்பது?" அல்ல, "இதை எந்த அவசரத்தில் தேடுவேன், அப்போது வாயில் முதலில் என்ன சொல் வரும்?" அந்தச் சொல்லையே ஒட்டுச்சீட்டில் எழுதுங்கள். அழகான சொல் தேட வேண்டாம்.

வகைகள் அதிகமாகிவிட்டாலும் இதே அறிகுறி வரும். மூன்றே தாள் உள்ள பைல்கள் பல இருந்தால் அவற்றை ஒன்றாக்குங்கள். இரண்டு அங்குல தடிமன் தாண்டினால் மட்டும் பிரியுங்கள். "இதர" என்ற பைல் மற்றவற்றைவிடப் பருமனாக இருந்தால் அதற்குள் இரண்டு மூன்று பைல்கள் பெயர் இல்லாமல் ஒளிந்திருக்கின்றன. வெளியே எடுத்துப் பெயர் கொடுங்கள்.

வகைப்படுத்துவதே ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜப்பானியப் பொருளாதார அறிஞர் நொகுச்சி யுகியோ 1990களில் பிரபலமாக்கிய முறை நன்றாகப் பொருந்தும். ஒவ்வொரு விஷயத்தின் தாள்களையும் ஒரு பெரிய உறையில் போட்டு, ஓரத்தில் தேதியும் தலைப்பும் எழுதி, அலமாரியில் நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். எடுத்த உறையைத் திருப்பி வைக்கும்போது பழைய இடத்தில் வைக்காமல் இடது ஓரத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அடிக்கடி தேவைப்படுபவை இடப்பக்கம் சேரும், தொடாதவை தானாக வலப்பக்கம் ஒதுங்கும்.

இது சோம்பேறிகளின் முறை என்று ஒதுக்க வேண்டாம். எடுத்ததை முன்னால் வைக்கும் பட்டியலைக் கணினி அறிவியலில் டேனியல் ஸ்லீட்டரும் ராபர்ட் டார்ஜனும் 1985இல் ஆராய்ந்தார்கள். இனி எதையெல்லாம் தேடப் போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்து வரிசையை மாற்றிக்கொண்டே போகும் மிகச் சிறந்த முறையோடு ஒப்பிட்டாலும், இந்த எளிய முறைக்கு ஆகும் தேடல் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்குக்கு மேல் போகாது என்று நிரூபித்தார்கள். அதாவது மேசையில் கடைசியாக எடுத்தது மேலே இருக்கும் குவியலில்கூட ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது படுத்துக் கிடக்கிறது, பெயர் வெளியே தெரியவில்லை என்பதுதான் குறை. நிறுத்தி வைத்துப் பெயர் எழுதினாலே பாதிச் சிக்கல் தீரும். ஆனால் பலர் பகிரும் அலமாரிக்கு இது ஆகாது. நான் கடைசியாக எடுத்தது எது என்று இன்னொருவருக்கு எப்படித் தெரியும்?

அலுவலகத்தில் பைலே காணாமல் போகிறதென்றால், எடுத்தவர் அதன் இடத்தில் ஓர் அட்டையைச் செருக வேண்டும்: யார், எந்தத் தேதி, எந்த பைல். ஆவணக் காப்பகங்களில் இன்றும் இதைச் செய்கிறார்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, உங்களோடு இருக்கும் இன்னொருவரிடம் ஐந்து தாள்களின் பெயரைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் கிடைக்காத தாளின் பைலுக்குப் பெயர் மாற்றுங்கள். அவர் எங்கே முதலில் தேடினாரோ, அதுதான் சரியான இடம்.

"பைலில் வைக்க வேண்டியவை" என்ற தட்டு நிரம்பி வழிகிறது

இடம் தெரிந்தும் வைக்காமல் இருக்கிறீர்கள் என்றால், வைப்பது சிரமமாக இருக்கிறது. எத்தனை அசைவு என்று எண்ணிப் பாருங்கள்: நாற்காலி போட்டு ஏறுவது, பைலை உருவுவது, துளை போடுவது, வளையத்தைத் திறப்பது, தேதி வரிசையில் செருகுவது. அடிக்கடி தொடும் பைல்களுக்குத் துளையும் வளையமும் வேண்டாம். மேலே திறந்திருக்கும் அட்டை உறையில் நழுவ விட்டாலே போதும். இழுப்பறை இறுக்கமாக இருந்தாலும் கை தயங்கும், நாலு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

தூக்கிப்போட மனசு வரவில்லை

இங்கே தயக்கம் இரண்டு வகை. ஒன்று, பின்னால் யாராவது கேட்டால் என்ன செய்வது என்ற பயம். பிறப்பு, திருமண, கல்விச் சான்றிதழ்கள், சொத்துப் பத்திரங்கள் எப்போதும் இருக்க வேண்டும். ஒப்பந்தம், காப்பீடு, உத்தரவாதச் சீட்டு ஆகியவை நடப்பில் உள்ள வரையிலும், அதன் பேரில் வழக்கோ கோரிக்கையோ எழக்கூடிய காலம் வரையிலும் வேண்டும். வரி சம்பந்தப்பட்டவற்றுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கால அளவு உண்டு. உங்கள் கணக்கரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடக் கடை ரசீதுகள், திருப்பித் தர மாட்டோம் என்பது உறுதியாகி, கணக்கும் சரிபார்த்தாயிற்று என்றால் போகலாம். கருவிகளின் கையேடு பெரும்பாலும் தயாரிப்பாளரின் இணையதளத்திலேயே இருக்கும். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள பக்கத்தை மட்டும் கிழித்து, வாங்கிய ரசீதோடு வையுங்கள்.

எறிய வேண்டிய தேதியை உள்ளே வைக்கும் அன்றே உறையின் மேல் எழுதிவிடுவதுதான் இதில் முக்கியம். அன்றைக்கு விஷயம் தெளிவாகத் தெரியும். சில வருடம் கழித்து அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பது கஷ்டம். வழக்கோ தணிக்கையோ நடந்துகொண்டிருந்தால் மட்டும், தேதி வந்தாலும் தொடக்கூடாது.

கணக்கு எண், கையெழுத்து, மருத்துவ விவரம் உள்ளதைக் கையால் இரண்டாகக் கிழித்துப் போடாதீர்கள். துண்டாக்கும் இயந்திரம் வாங்குவதானால் அதன் மேல் பெரும்பாலும் பி-1 முதல் பி-7 வரை ஒரு குறியீடு இருக்கும்; எண் கூடக் கூடத் துணுக்கு சிறிதாகும். நீள நாடாவாக வெட்டும் பி-2ஐப் பொறுமை உள்ளவர் மறுபடி ஒட்டிவிட முடியும். பி-4 ஒரு தாளை 160 சதுர மில்லிமீட்டருக்கு மிகாத துணுக்குகளாக்கும். வீட்டுக்கும் சாதாரண அலுவலகத்துக்கும் அது போதும்.

இன்னொரு தயக்கம் பாசத்தால் வருவது. பிள்ளை முதன்முதலில் எழுதிய எழுத்து, அம்மாவின் கடிதம். இவற்றைக் குப்பையோடு சேர்த்து எடைபோடவே கூடாது. தனியாக ஒரு நல்ல பெட்டி கொடுங்கள். பெட்டி நிறைந்தால் உள்ளே இருப்பவற்றுக்குள்ளேயே தேர்ந்தெடுங்கள். வங்கி அறிக்கைகளுக்கு நடுவே கசங்கிக் கிடப்பதைவிட இது அவற்றுக்கு நியாயம் செய்யும்.

எழுத்து மங்குகிறது, தாள் ஒட்டிக்கொள்கிறது, கறை படிகிறது

வழவழப்பான கடை ரசீதை நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள். அதில் மை கிடையாது. தாளின் மேல் பூச்சு சூட்டில் கறுப்பாகிறது, அவ்வளவுதான். உரசலின் சூடே போதும் என்றால், வெயிலில் நின்ற வண்டிக்குள் அந்த ரசீதின் கதி என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம், எண்ணெய்ப் பசை, சில பிளாஸ்டிக் உறைகள் எல்லாமே அதை மங்க வைக்கும். உத்தரவாதத்துக்கு வேண்டிய ரசீது என்றால் வாங்கிய அன்றே நகலெடுங்கள் அல்லது படம் எடுங்கள். சூடான லேமினேஷனில் விட்டால் முழுத்தாளும் கறுத்துவிடும்.

நகலெடுத்த தாள் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, எழுத்து உறையோடு வந்துவிடுகிறதா? அது பிவிசி உறை. அதில் மென்மைக்காகச் சேர்க்கும் பொருள், நகல் இயந்திரத்தின் மைத்தூளான டோனரை இளக்கிவிடும். பாலிபுரொப்பிலீன் உறைக்கு மாறுங்கள். ரப்பர் பேண்டு நாளடைவில் இளகித் தாளோடு ஒட்டும், ஸ்டேப்ளர் பின்னும் இரும்பு கிளிப்பும் ஈரத்தில் துருப்பிடிக்கும், செல்லோடேப்பின் பசை பழுப்புக் கறையாகும். நீண்ட நாள் இருக்க வேண்டியவற்றிலிருந்து இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மடித்த வெள்ளைத் தாளுக்குள் வையுங்கள். அசல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். திருப்பிப் பிரிக்க முடியாது, புடைப்பு முத்திரையும் நசுங்கும்.

காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வர வாய்ப்பு அதிகம். வெளிச்சுவரை ஒட்டியோ நேராகத் தரையிலோ பெட்டி வைக்க வேண்டாம். தாள்கள் நனைந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் காய வைக்க வேண்டும். முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டிக்குள் வையுங்கள். பூஞ்சை வளராமல் நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். வெயிலிலோ அயர்ன் பாக்ஸிலோ காய வைக்காதீர்கள்.

எல்லாம் ஸ்கேன் செய்தாயிற்று, ஆனாலும் எதுவும் கிடைப்பதில்லை

குவியல் மேசையிலிருந்து கணினிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் எழுதுங்கள்: "2025-03-14 வாகனம் காப்பீடு". இப்படி எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் ஜனவரி முதல் தேதியும் டிசம்பர் முதல் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். காகித பைலுக்கு என்ன பெயரோ, அதே பெயர்தான் கணினி அடைவுக்கும் இருக்க வேண்டும்.

எழுத்துள்ள தாளை ஸ்கேன் செய்ய 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். புகைப்படத்துக்கு 600 வையுங்கள். தாளின் பின்பக்கத்தை மறக்க வேண்டாம், பல முத்திரைகள் அங்கேதான் இருக்கும். நீண்ட நாள் வைத்திருக்க பிடிஎப்-ஏ என்ற வடிவம் 2005 முதல் சர்வதேசத் தரமாக இருக்கிறது. சேமிக்கும்போது அந்தத் தேர்வு இருந்தால் அதையே எடுங்கள். பிரதிகள் மூன்று, இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில். திறந்து ஒவ்வொரு பக்கமும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே தாளை அழியுங்கள். அசல் கையெழுத்தும் முத்திரையும் சட்டப்படி தேவைப்படும் எதையும் ஸ்கேன் இருக்கிறது என்று அழிக்கக் கூடாது.

நெருப்புத் தாங்கும் பெட்டி வாங்கி அதற்குள் வன்தட்டையும் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: காகிதத்துக்கான பெட்டிகளில் பல, தீயின்போது உள்வெப்பம் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்றே உறுதி தருகின்றன. காகிதம் அதைத் தாங்கும். கணினிச் சாதனங்களுக்கான தரத்தில் அந்த வரம்பு 52 டிகிரி. இரண்டும் வேறு வேறு பெட்டி.

நான் ஒழுங்கு செய்கிறேன், மற்றவர்கள் கலைக்கிறார்கள்

பெயர்களை நீங்கள் மட்டும் வைத்திருந்தால் இது நடக்கும். அலமாரியைப் பயன்படுத்தும் எல்லோரையும் உட்கார வைத்து, அவர்கள் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். அடுத்தவர் குவியலை அவர் இல்லாதபோது அடுக்கிவைக்க வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்தாலும் அவருக்குத் தெரிந்த ஒரே வரிசை போய்விடும். அலுவலகத்தில் ஒவ்வொரு ஆவணத்தின் அசலுக்கும் பொறுப்பாளர் ஒருவரைக் குறித்துவிட்டால், மற்ற மேசைகளில் உள்ள நகல்களைத் தயக்கமின்றி அகற்றலாம்.

பழைய குவியலை என்ன செய்வது

மேலே சொன்னவை எல்லாம் இன்று முதல் வரும் காகிதத்துக்கு. புதிய பாதை ஓடத் தொடங்கும்வரை பழையதில் கை வைக்காதீர்கள். அதிலிருந்து கெடு உள்ளவை, அசல் சான்றிதழ்கள் ஆகியவற்றை மட்டும் ஒருமுறை புரட்டி எடுத்துவிட்டு, மீதியை அப்படியே பெட்டியில் போட்டு, இன்றைய தேதியை எழுதுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒருநாள் அரைமணி நேரம், மேலிருந்து கீழே போங்கள். தேடி எடுக்கும் தாள் உடனே புதிய பைலுக்குப் போகட்டும். அடியில் போகப் போக வேகம் கூடும், ஏனென்றால் அங்கே பெரும்பாலானவற்றின் காலம் முடிந்திருக்கும்.

பெட்டியை முழுக்க நிரப்ப வேண்டாம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 2,500 தாள் என்றால் பன்னிரண்டரை கிலோ. தூக்க முடியாத பெட்டியை யாரும் இறக்கிப் பார்ப்பதில்லை. பாதி அளவில் நிறுத்தி இரண்டு பெட்டிகளாக்கி, பரணில் ஏற்றாமல் இடுப்பு உயரத் தட்டில் வையுங்கள்.